42,000 ரூபா டயர்

எங்கள் லொறிக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. இவர் ஓடுவார், நான் எழுதுவேன். டீசல், ஒயில், லீசிங், மூடை தூக்குகிற நாட்டாமைக் கூலி எல்லாம் முன்பக்கத்தில் இருந்து வரும். டயர்க் கணக்கு மட்டும் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பின்பக்கத்தில் இருந்து. எந்த டயர், எந்தச் சில்லில், எந்த நாள், மீற்றர் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். தொடங்கின காலத்தில் "உதெல்லாம் எழுதி என்ன காணப்போறீர்" என்று சிரித்த மனிசன், இப்போது டயர்கடையில் வாக்குவாதம் என்றால் எனக்குத்தான் போன் எடுக்கிறார்.

போன கிழமை அக்காவின் மகன் வந்தான். ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் ஏற்ற டிப்பர் ஒன்று எடுக்கப்போகிறானாம். "சித்தி, பத்துச் சில்லுக்கும் புது டயர் போட ஏலாது. ரெடியா விக்கிற ரீபில்ட்டை வாங்கிப் போடட்டோ?" என்று கேட்டான். ரீபில்ட் என்றால் தேய்ந்த டயரின் உடம்புக்கு மேலே புது ரப்பர் போட்டது. தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரீபில்ட்டுக்குச் சார்பான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஆறு சில்லு லேலண்ட், 10.00-20 டயர். 2019 தையில் பின்சில்லுக்குப் புது டயர் ஒன்று 44,000 ரூபாவுக்குப் போட்டோம். 58,000 கிலோமீற்றர் ஓடியது. கிலோமீற்றருக்கு 76 சதம். தேய்ந்த பிறகு அதே டயரை வவுனியாவில் கொடுத்து 17,000 ரூபாவுக்கு ரீபில்ட் அடித்தோம். அது 34,000 கிலோமீற்றர் ஓடியது. கிலோமீற்றருக்கு 50 சதம். ஆறு சில்லுள்ள லொறிக்கு இந்த 26 சதம் சின்னக் காசில்லை. ஒரு பிள்ளையின் ரியூசன் காசு அதில் இருக்கிறது.

ரீபில்ட் என்றால் ஏமாற்று வேலை என்று நினைக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பட்டறைக்கு ஒருக்கால் போய் நின்று பார்த்தவள். தேய்ந்த டயரை முதலில் லைட் பிடித்து உள்ளே பார்ப்பார்கள். ஆணி போன ஓட்டை, பழைய ஒட்டு, உள்நூல் அறுந்த இடம் எல்லாவற்றுக்கும் சோக்கால் வட்டம் போடுவார்கள். பிறகு மெசினில் ஏற்றி மேல் ரப்பரை உரசி எடுப்பார்கள். அந்தத் தூசியும் மணமும் சேலையில் இரண்டு நாள் நின்றது. உரசின மேனிக்கு மெல்லிய, வேகாத பச்சை ரப்பர் ஒன்று, அதற்கு மேலே ஏற்கனவே கோடு வெட்டி வேகவைத்த புதுப் பட்டி. எல்லாவற்றையும் ஒரு ரப்பர் உறைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி, பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டுவார்கள். உள்ளே சுமார் 100 பாகை சூடு, அமுக்கம், மூன்று நாலு மணித்தியாலம். இதைக் குளிர் முறை என்கிறார்கள். 100 பாகைக்கு எங்கே குளிர் என்று கேட்டேன். அச்சுக்குள் வைத்து 150 பாகையில் அவிக்கிற மற்ற முறையோடு பார்த்தால் இது குளிர்தானாம்.

அன்றைக்கு நாங்கள் கொண்டுபோனது ஐந்து. பட்டறைக்காரர் இரண்டைத் திருப்பித் தந்துவிட்டார். "இதுக்கு மேல ரப்பர் போட்டால் எனக்குக் காசு, உங்களுக்கு ஆபத்து" என்றார். வரும் வழியெல்லாம் இவருக்கு முகம் சுருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதரில் ஒரு நம்பிக்கை வந்தது. மேல் ரப்பரை யாரும் புதிதாகப் போடலாம். உள்ளே இருக்கிற கேசிங், அதாவது டயரின் உடம்பு, பழையதுதான். அது எவ்வளவு பாரம் சுமந்தது, எத்தனை தரம் காற்றில்லாமல் உருண்டது, எத்தனை மழைத்தண்ணி ஓட்டைக்குள்ளால் போய் உள்நூலை உக்கவைத்தது என்பதெல்லாம் வெளியில் தெரியாது.

வன்னி ஆக்களுக்குப் பழைய டயரோடு சீவிப்பது புதிதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம், அப்பா உழவு மெசின் பெட்டியின் டயருக்குள் இன்னொரு பழைய டயரை வெட்டித் துண்டாக வைத்து ஓடினவர். வெடித்த இடம் வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கும். பெட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் குதிக்கும். அதில் நெல்லும் போனது, நாங்களும் போனோம். ஆனால் அப்பா மணிக்குப் பத்து மைல்கூட ஓடவில்லை. இப்போது ஏ9 வீதி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. அந்தக் காலத்துத் துணிவை இந்தக் காலத்து வேகத்தில் காட்ட ஏலாது.

இனி அந்த 42,000 ரூபா டயர்.

2022 எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். டொலர் 200 இல் இருந்து 360 க்குப் போனது. டயர் இறக்குமதிக்கு அதற்கு முன்பே கட்டுப்பாடு. புது டயர் விலை கேட்டால் கடைக்காரரே கூச்சப்பட்டுச் சொன்னார். எங்கள் பின்சில்லு ஒன்று மொட்டை. ரீபில்ட் அடிக்கக் கொடுக்க எங்களிடம் நல்ல கேசிங்கும் இல்லை. ஆடி மாதம் ஒரு கடையில் ரெடியாக இருந்த ரீபில்ட் ஒன்றை இவர் 42,000 கொடுத்து வாங்கி வந்தார். யாருடைய கேசிங்கோ. மேலே கறுப்பாக, கோடுகள் வடிவாக, புதுசு மாதிரி மினுங்கியது. கொப்பியில் "கேசிங்: தெரியாது" என்று எழுதினேன். அப்போதே அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

2023 பங்குனி, காலபோக நெல். முரசுமோட்டையில் ஏற்றி வவுனியா மில்லுக்கு. வழக்கமாக 140 மூடை. அன்றைக்கு 160. ஒரு மூடை எழுபது கிலோவுக்குக் கிட்ட வரும், அப்போ 1,400 கிலோ மேலதிகம். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கமக்காரர் கெஞ்சினார், இவர் ஏற்றினார், வாடகையை நான் வாங்கி வைத்தேன்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினார்கள். கிளீனர் பொடியன் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டினான்தான். வெளிச்சில்லைத் தட்டினான். உள்சில்லுக்குக் கை எட்டாது, குனிய வேண்டும், வெயில். அந்த உள்டயரில் ஒரு ஆணி ஏறிக் காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பின்னுக்கு இரண்டு இரண்டாகப் பூட்டின ரெட்டைச் சில்லில் இது ஒரு பொல்லாத விஷயம். தனிச்சில்லில் காற்றுப் போனால் வண்டி சரிந்து காட்டிக்கொடுக்கும். ரெட்டையில் பக்கத்து டயர் சத்தமில்லாமல் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டது எங்கள் 42,000.

கொக்காவில் கோபுரம் தாண்டிக் கொஞ்சத் தூரம். இவர் சொன்னது, முதலில் டப் டப் என்று மட்காட்டில் ஏதோ அடித்ததாம். கால் எடுக்கும் முன்னம் குண்டு மாதிரி ஒரு சத்தம். அந்த வீதியில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எங்கள் ஆக்களுக்கு நெஞ்சு எப்படிப் பதறும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக்கை உதைக்காமல், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைத் தானாக இறங்கவிட்டு ஓரம் கட்டினார். அது அவருடைய இருபது வருச ஓட்டம் காப்பாற்றினது. பின்சில்லு என்பதும் காப்பாற்றினது. முன்சில்லாக இருந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதமாட்டேன்.

ஆனால் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தகப்பனும், பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பெடியனும். டயரில் இருந்து பிய்ந்த இரண்டு முழ நீளப் பட்டி ஒன்று வீதியில் பாம்பு மாதிரித் துள்ளி விழ, அவர் வெட்டிக் கிரவலில் இறக்கிச் சறுக்கி விழுந்தார். தகப்பனுக்கு முழங்கை. பெடியனுக்கு முழங்கால் உரஞ்சல், ஒரு தையல். கடவுளே என்று அவ்வளவுதான். இவர் போனில் எனக்கு முதலில் சொன்னது டயரைப் பற்றி இல்லை. "பெடியன் அழேல்லையப்பா. என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்றார்.

பின்னேரம் எங்கள் டயர்கடைத் தம்பி அந்தப் பட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். நான் ரீபில்ட் அடித்தவனைத் திட்டுவதற்குத் தயாராக நின்றேன்.

"இல்லை அக்கா. இஞ்ச பாருங்கோ, நூலோட பிய்ஞ்சு வந்திருக்கு. ஒட்டினது கழண்டிருந்தால் பின்பக்கம் வழுவழுப்பாய் இருக்கும். ஒட்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கு. உள்ளுடம்புதான் செத்துப்போச்சு."

பிறகு ரிம்மில் மிஞ்சியிருந்த பக்கச்சுவரைத் தேய்த்துத் துடைத்தான். நாலு இலக்கம்: 1112. டயர் செய்த கிழமையும் வருசமும். 2012 இன் பதினோராவது கிழமை. பதினொரு வருசக் கேசிங். அந்த இலக்கம் உள்பக்கம் போகிற மாதிரிப் பூட்டியிருந்ததால் நாங்கள் ஒருநாளும் காணவில்லை. உள்ளே கை விட்டான், பெரிய பழைய ஒட்டு ஒன்றும் இருந்தது. ஆணி, காற்று, இருபது மூடை, பதினொரு வருசம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன்.

டயர் 42,000. ரியூப்பும் பிளாப்பும் 9,500. மட்காட், பின்லைட் வயர் 14,000. நெல்லை மாற்றி ஏற்ற வந்த லொறிக்கு 30,000. வெயிலுக்குள் 160 மூடை இறக்கி ஏற்றிய நாட்டாமைமாருக்கு 12,000. மோட்டார் சைக்கிள் திருத்தவும் மருந்துக்கும் 18,000. அவர்கள் கேட்கவில்லை, இவர் கொண்டுபோய்க் கொடுத்தார். மொத்தம் 1,25,500. அன்றைக்குப் புது டயர் 1,18,000. காற்றில்லாமல் உருண்டு நசிந்த அந்த உள்டயரையும், லொறி நின்ற இரண்டு நாளையும் நான் இதில் சேர்க்கவில்லை. டயர் ஓடின தூரம் 7,000 கிலோமீற்றர். டயர்க் காசை மட்டும் பிரித்தாலே கிலோமீற்றருக்கு ஆறு ரூபா. மேலே சொன்ன ஐம்பது சதமும் ரீபில்ட்தான், இந்த ஆறு ரூபாவும் ரீபில்ட்தான்.

கனடாவில் ட்ரக் ஓடுகிற தம்பிக்குச் சொன்னேன். அங்கேயும் பின்சில்லுகளுக்கு ரீபில்ட் தாராளமாக ஓடுகிறதாம். விமானச் சில்லுக்கே ரீபில்ட் அடிக்கிறார்கள், உனக்குத் தெரியுமோ என்று கேட்டான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுஞ்சாலையோரம் கிடந்த டயர்த் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்து 2008 இல் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். புதுசும் வெடிக்கிறது, ரீபில்ட்டும் வெடிக்கிறது. வீதியில் கிடக்கிற பொருள்கள் குத்துவதும், டயர் அளவுக்கு மீறிச் சூடாவதும்தான் பெரிய காரணங்களாக வந்தன. ஆனால் அதே நாட்டில் பஸ்ஸின் முன்சில்லுக்கு ரீபில்ட் போடச் சட்டம் விடாது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

அக்காவின் மகனுக்கு நான் சொன்னது இதுதான். முன்சில்லுக்குப் புதுசு, அதில் பேரம் இல்லை. பின்னுக்கு ரீபில்ட் போடு, ஆனால் உன்னுடைய கேசிங்கையே கொடுத்து உன்னுடையதையே திருப்பி வாங்கு. பக்கச்சுவரில் உன்ர அடையாளம் ஒன்று சூடு வைத்து விடு, மாறிப்போகாது. ரெட்டையில் இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேணும். பெரிசு ஒன்று சின்னன் ஒன்று என்றால் பெரிசு சாகும். காற்றுப் பார்க்கக் கம்பியை நம்பாதே, கேஜ் ஒன்று வாங்கு, உள்சில்லுக்கும் குனி. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "ரெடிமேட் எவ்வளவு மலிவு தெரியுமோ சித்தி" என்று வாசலில் செருப்புப் போடும்போது இன்னொருக்கால் சொன்னான்.

இவர் இப்போது 140 மூடைதான் ஏற்றுகிறார். 145 என்று ஒருநாள் வந்தது, அதற்கு வீட்டில் நடந்த சண்டை இங்கே தேவையில்லை. முறிகண்டியில் கிளீனர் பொடியன் குனிகிறானா என்று இவரே இறங்கிப் பார்க்கிறாராம்.

நேற்று வவுனியாவில் இருந்து அந்தப் பட்டறைக்காரர் போன் எடுத்தார். இந்த முறை கொடுத்த மூன்றில் ஒன்று தேறாதாம். 2019 தையில் வாங்கிய அதே டயர். இரண்டாம் தரம் ரீபில்ட் அடிக்கலாம் என்று ஆசையாக அனுப்பியது. "இன்னும் ஒரு வருசம் ஓடும் போலதான் கிடக்கு, என்ன சொல்லுறீர்?" என்று இவர் என்னைக் கேட்டார். கொப்பியைத் தலைகீழாகப் பிடித்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். 92,000 கிலோமீற்றர். குறுக்கே கோடு போட்டுவிட்டு, புது டயர் என்ன விலை என்று கேட்டுவரச் சொன்னேன்.