தோட்டத்துக்கு அல்ல, ஆட்களுக்கு

வயதாகிவிட்டால் எல்லாருக்கும் ரப்பர் தோட்ட வாழ்க்கை இனிக்கத் தொடங்கிவிடுகிறது. மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் கூடும் விருந்துகளில் சோறு வருவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்: "அந்தக் காலம் மாதிரி வருமா? கதவைப் பூட்டாம தூங்குனோம்." பூட்டி வைக்க வீட்டில் என்ன இருந்தது என்று நான் கேட்பதில்லை. விருந்தைக் கெடுப்பானேன்.

எனக்கும் நன்றி உண்டு. நிறையவே உண்டு. ஆனால் அது தோட்டத்துக்கு இல்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை என்றிருந்த இடத்துக்கு எதற்கு நன்றி? பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும்போது, கடைக்காரர் புத்தகத்தில் எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் தழைக்கும். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. இடத்தைப் புகழ எனக்கு வாய் வராது. ஆட்களைப் பற்றிக் கேளுங்கள், பேசிக்கொண்டே இருப்பேன்.

நான் பால் நிறுக்கும் கிராணியாக, அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவாக இருந்தவன். வெயில் ஏறியதும் வெட்டுக்காட்டிலிருந்து ஆட்கள் வாளிகளோடு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். பாலை வடிகட்டி நிறுத்ததும் ஒரு குவளை எடுத்துத் தண்ணீர் கலந்து, அதில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கோலை விடுவோம். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர் எவ்வளவு என்பதைத்தான் கோல் சொல்லும், அதை வைத்துத்தான் கூலி. கெட்டிப்பால் என்றால் கோல் மேலே நிற்கும் என்று புதிதாக வருபவன் நினைப்பான். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. அதனால் கெட்டிப்பாலில்தான் கோல் ஆழமாக இறங்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய கிராணி. மலையாளத்துக்காரர், கோபக்காரர், வெற்றிலை போடுபவர்.

"நுரைய வழிச்சுட்டுப் பாரு. குனிஞ்சு பாரு. நின்னுக்கிட்டே பாத்தா அளவு தப்பும். தப்புனா அது அவங்க சம்பளத்துல போய் விழும்" என்பார். ஒவ்வொரு வாளிக்கும் குனிந்தேன். இப்போது இடுப்பு வலிக்கு டாக்டர் காரணம் கேட்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் வருகிறது.

ஒரு மானேஜர் காலத்தில், அளவைக் கொஞ்சம் இறக்கிப் பதிய வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு வந்தது. பெரிய கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எழுத்துல குடுங்க சார், பைல்ல வச்சுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். எழுத்தில் வரவேயில்லை. அவர் வேறு எதுவும் பேசவில்லை, யாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வரிசையில் வாளியோடு நின்ற யாருக்கும் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பக்கத்து மேசையில் இருந்ததால் எனக்குத் தெரியும். தொழிலில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் எது என்று கேட்டால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். பிறகு நானும் அதை இரண்டொரு தடவை பயன்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பலித்தது.

அந்த மேசைக்கு நான் வந்து சேர்ந்ததற்கு ஒரு சைக்கிள் காரணம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, பட்டணத்தில் மொழி பழக்கும் ரிமூவ் வகுப்பில் உட்கார்ந்து, இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்த தலைமுறை நான். எங்கள் எதிர்வீட்டு மாமாவிடம் ஒரு பழைய ராலே சைக்கிள் இருந்தது. பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, நடந்தே போவார், சைக்கிளைத் துடைத்து வைத்துக்கொள்வார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தது. மாமாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. அவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காலகட்டத்தில் ஊருக்குத் திரும்பினார்கள். பினாங்குக்குப் போய் ரஜுலா கப்பல் ஏறினால் நாகப்பட்டினம். போகும் முன் சாமான்களையெல்லாம் வந்த விலைக்கு விற்றார். சைக்கிளை மட்டும் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் சாத்தினார். அம்மா காசை முடிச்சிலிருந்து அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் தங்கச்சி, பையன் பட்டணத்துக்குப் போய்ப் படிக்கணும்ல" என்றார். பின்சக்கரத்தில் காற்று நிற்காது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சைக்கிளில்தான் இடைநிலைப் பள்ளியின் எல்சிஇ பரீட்சைக்குப் போனேன். தேறினேன், ஆபீஸில் எடுத்துக்கொண்டார்கள். மாமாவுக்குக் கடிதம் போட்டோம், இரண்டு பதில் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இளம் வயதில் இதெல்லாம் மனதில் நிற்கவில்லை. வேலை, கல்யாணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று காலம் ஓடியது. அறுபதைத் தாண்டி வேலையில்லாமல் உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொரு முகமாக வந்து நிற்கிறது. சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் இல்லை. அதற்காக வருத்தப்பட்டு என்ன? பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள், ஆனால் கேட்கிறார்கள்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு மரத்தைப் பற்றி. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மருந்து எடுக்க நானும் என் மனைவியும் கோலகங்சாருக்குப் போகிறோம். 1877இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று அங்கே மரமாகி இன்றும் நிற்கிறது, வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பலகையைப் படித்துப் படம் எடுப்பார்கள். என் மனைவியும் பால்வெட்டுக்காரிதான். அவள் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் பட்டையில கத்தி எறங்குமா? எங்கிட்ட குடுத்திருந்தா பெரட்டுல சண்ட போட்டு வேற நெர கேட்டிருப்பேன்" என்றாள்.

மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி வகுத்தார் என்பார்கள். இருக்கட்டும். அதை விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில் மரத்துக்கு மரம் செய்து காட்டியவர்கள் எங்கள் அம்மாக்கள். ஒரு சீவல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயம்பட்டு அந்த இடம் முண்டாகிவிடும். அம்மா வெட்டிய மரங்களில் மறுபட்டை வழுவழுவென்று வளர்ந்திருக்கும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டுவார். அதற்காக ஒரு காசு கூட்டிக் கொடுத்ததில்லை. அம்மாவுக்கும் அது மனக்குறையாக இருந்ததில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் இருக்கிறது. சாயங்காலம் முழங்கையில் காய்ந்திருக்கும் பாலை நூல் நூலாக உரிப்பார், கூடவே ரோமமும் வரும். ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பட்டணத்துப் பள்ளியில் அந்த நாற்றத்துக்காக என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு.

அன்றைக்கு அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா அதில் கைநாட்டு வைத்துப் பங்கு வாங்கினார். நாங்கள் இருந்த தோட்டம் யார் யார் கைக்கோ போய், ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, லயங்கள் இடிந்து, நாங்களும் பட்டணத்துத் தாமானுக்கு (வீட்டுக் குடியிருப்புக்கு) வந்துவிட்டோம். அம்மாவின் பங்குப் பத்திரம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

இப்படிச் சொல்வதால் எல்லாரும் என்னைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரை விற்கும் ஓர் அக்கா முன்பு என்னிடம் வந்து பால் எடை போட்டவர். என்னைக் கண்டாலே குரலை உயர்த்துவார்: "கிராணி ஐயா, அந்தத் தீவாளிக்கு முந்தின நாளு என் வாளில கொறச்சு எழுதுனீங்களே, மறந்துட்டீங்களா?" நான் குறைக்கவில்லை, அன்றைக்குப் பாலில் மழைத் தண்ணீர் விழுந்திருந்தது. "என் வாளில மட்டுமா மழ பேஞ்சுச்சு? சும்மா இருங்க லா!" பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். என் மனைவி அக்கா கட்சி. அக்கா பேசிக்கொண்டே முருங்கைக்கீரையை இரண்டு கட்டு என் பையில் திணித்துவிட்டு ஒரு கட்டுக்குத்தான் காசு எடுப்பார். எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று போன வாரம் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.