அபெர் என்றால் பொழி

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கும் ஸ்வான்சீக்கு நர்ஸாக வந்து இரண்டு வருஷம் ஆகியும் கடலை நான் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாகத்தான். வார்டு, வீடு, அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும் கடை, மாசக் கடைசியில் ஊருக்குப் பணம். கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிப் பக்கம் பிறந்தவளுக்குக் கடல் என்ன அதிசயமா என்று நானே சொல்லிக்கொள்வேன். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவளுக்குத் தூக்கம்தான் அதிசயம்.

போன செப்டம்பரில் லீவு மிச்சம் கிடந்தது. எடுக்காவிட்டால் வீணாகிவிடும். கூட வேலை பார்க்கும் கோட்டயத்துச் சேச்சிதான், "வா மோளே, நடக்காம்" என்று இழுத்தார். மூன்று நாள், சுமார் 50 கிலோமீட்டர். இரண்டு பேருக்கும் முன் அனுபவம் என்று பார்த்தால், வார்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பதுதான்.

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் பெம்ப்ரோக்‌ஷயர். அதன் கடலோரத்தை ஒட்டி ஆம்ராத்திலிருந்து செயின்ட் டாக்மேல்ஸ் வரை 299 கிலோமீட்டர் நடைபாதை, 1970-ல் திறந்தது. முழுக்க நடந்தால் ஏற்றமும் இறக்கமுமாக 35,000 அடி என்று கணக்குச் சொல்கிறார்கள். நாங்கள் எடுத்தது வடக்குத் துண்டு மட்டும்: செயின்ட் டேவிட்ஸ் பக்கத்து வைட்சாண்ட்ஸ் கடற்கரையிலிருந்து ஃபிஷ்கார்ட் வரை. செயின்ட் டேவிட்ஸில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை, ஆனால் பேராலயம் இருப்பதால் அது நகரம். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு தெருவிலேயே அதைவிடக் கூட்டம் நிற்கும்.

பாதை என்றதும் சிமெண்டும் கைப்பிடிக் கம்பியும் எதிர்பார்த்தேன். இருந்தது வயல் வரப்பு மாதிரி ஒற்றையடி மண்பாதை. வலது பக்கம் ஆட்டுப்பட்டி வேலி, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு அடியில் கடல். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. வழிகாட்டிக் கம்பங்களில் ஓக் மரக் கொட்டை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அது கண்ணில் பட்டால் வழி சரி என்று அர்த்தம். முதல் மணி நேரம் நான் கடலையே பார்க்கவில்லை, என் ஷூவைத்தான் பார்த்தேன்.

அப்புறம் எங்கிருந்தோ குழந்தை அழும் சத்தம். சேச்சி சட்டென்று நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷம் பிரசவ வார்டில் இருந்தவர். குப்புறப் படுத்து விளிம்பில் எட்டிப் பார்த்தால், கீழே கூழாங்கல் கரையில் வெள்ளை ரோமத்தோடு ஒரு கடல்நாய்க் குட்டி. செப்டம்பர் அதுகளுக்குப் பேறுகாலம். தாய் தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மிதக்கிறது, குட்டி கத்துகிறது. தாய் நீந்தி வந்து ஒருக்களித்துப் படுத்து, குட்டி தடவித் தடவிக் காம்பைப் பிடிக்கிற வரைக்கும் சேச்சி எழுந்திருக்கவில்லை. "லாட்ச் ஆயி" என்றார், வார்டில் சொல்கிற அதே குரலில்.

அபெரெய்தியில் கைவிட்ட சிலேட்டுக் கல் குவாரி ஒன்று. 1910-ல் மூடிய பிறகு கடலை உள்ளே விட்டிருக்கிறார்கள், தண்ணீர் நீலப் பச்சையாக நிற்கிறது. பையன்கள் மேலிருந்து குதிக்கிறார்கள். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.

அன்று ராத்திரி ட்ரெஃபின் கிராமத்து விடுதி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டிடம். அங்கே இருந்த அம்மா வரைபடத்தை விரித்து, வேல்ஸ்காரர்களின் வெல்ஷ் மொழியில் உள்ள ஊர்ப் பெயர்களைப் பிரித்துக் காட்டினார். 'ட்ரெ' என்றால் ஊர். 'பென்' தலை, முனை. 'போர்த்' படகு அடையும் துறை. 'அபெர்' என்றால் ஆறு கடலில் சேரும் இடம். நானும் சேச்சியும் ஒரே நேரத்தில் "பொழி!" என்றோம். கன்னியாகுமரித் தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு ஒரே சொல். மணக்குடிப் பொழியில் பழையாறு கடலில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த அம்மா சொல்லிப் பார்த்தார்: "பொலி." நாங்கள் சிரித்தோம். பதிலுக்கு அவர் எங்களை 'ல்லிவ்ன்' என்று சொல்லச் சொன்னார். நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் ஒட்டிவைத்து, குரலே எழாமல் இரு ஓரத்திலும் காற்றை ஊத வேண்டும். மேஜை எல்லாம் எச்சில். ழகரத்துக்கு அது சரியான பழிவாங்கல்.

இரண்டாம் நாள் மழை. அபெர்காஸிலுக்குக் கொஞ்சம் முன்னால் வயலுக்குள் ஒரு கல்திட்டை, நம்மூரில் பார்ப்பது போலவே நட்ட கற்களின் மேல் பெரிய பலகைக்கல். அதன் பெயர் கரெக் சாம்சன், வயது ஐயாயிரம் வருஷம். அடியில் ஒரு ஆடு மழைக்கு ஒதுங்கியிருந்தது, எங்களுக்கு இடம் விடவில்லை.

கொஞ்ச தூரத்தில் கூடாரம் போடும் இடம் ஒன்று, வேலியோரம் ஒரு குழாய். மேலே பலகை: 'தூர் இவெட்'. கீழே ஆங்கிலத்தில் 'குடிநீர்'. பாட்டிலைத் திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

வந்த புதிதில் வார்டில் ஒரு பாட்டி. மறதி நோய். ராத்திரி முழுக்க "தூர், தூர்" என்று முனகிக்கொண்டிருந்தார். தூர் வாருவதுதான் எனக்குத் தெரிந்த தூர். வலியா என்று கேட்டேன், தலையணையை மாற்றினேன், கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை. காலையில் வந்த உள்ளூர் நர்ஸ் டம்ளரை நீட்டிய பிறகும் எனக்கு விஷயம் புரியவில்லை, ஏதோ அவளுக்குக் கை ராசி என்று நினைத்துக்கொண்டேன். வயசானவர்களுக்குப் பின்னால் படித்த மொழிதான் முதலில் உதிரும் என்று பாடத்தில் படித்தவள்தான் நானும். சேச்சியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

புல்தெரிக்குப் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. செங்குத்துப் பாறைக்கு மேலே டெவி எம்ரிஸ் என்ற கவிஞருக்கு நினைவுக்கல். அதில் வெட்டியிருக்கும் இரண்டு வரிகள் புத்தக வெல்ஷ் இல்லை, அந்தப் பக்கத்துப் பேச்சு வெல்ஷ். நர்சிங் படித்த இடத்தில் என் நாகர்கோவில் தமிழைக் கேட்டு "நீ மலையாளமா?" என்று சிரிப்பார்கள். இங்கே பேச்சுமொழியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஸ்ட்ரம்பிள் முனைக் கலங்கரை விளக்கத்துக்கு வந்தபோது சேச்சியின் குதிகால் கொப்புளம் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் ஓடும் சின்ன பஸ் நம்மூர் மினி பஸ் ஜாதி, கை காட்டினால் நிற்கும். அவரை ஏற்றிவிட்டு நான் தனியாக நடந்தேன். 1797-ல் பிரெஞ்சுப் படை வந்து இறங்கிய இடத்தில் ஒரு கல் நிற்கிறது. ஜெமைமா நிக்கலஸ் என்ற பெண் வைக்கோல் கவையை நீட்டியே பன்னிரண்டு சிப்பாய்களைப் பிடித்தாள் என்பது ஊர்க்கதை. இப்படி ஒரு சித்தி எங்கள் குடும்பத்திலும் உண்டு, அதனால் நம்பினேன்.

ஃபிஷ்கார்டின் வெல்ஷ் பெயர் அபெர்குவைன். குவைன் ஆற்றுப் பொழி. சேச்சி ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு டீயோடு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் ரயிலில் பெட்டியின் மின்பலகையில் ஊர்ப் பெயர்கள் ஓடின, வெல்ஷ் முதலில், ஆங்கிலம் பிறகு. அபெர்தவெ, ஸ்வான்சீ. தினமும் நான் பஸ் ஏறும் நிறுத்தத்திலும் இதே பெயர்தான் எழுதியிருக்கிறது. தவெ ஆறும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் ஓடுகிறது. சேச்சியைத் தோளில் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பொழி எத்தியோ?"