சிஆர்ஓவில் வெறும் நேர்கோடு: அலை ஆக்கிச் சுற்றுகளுக்குப் படிப்பவர்களுக்கு

செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்தது வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர், தானாகவே சைன் அலை ஆக்கும் சுற்று. 741 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி) ஐசியை வைத்து 1.6 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை எடுக்க வேண்டும். ரெசிஸ்டர் 10 கே (கிலோ ஓம்), கெபாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டேன், 1.59 வந்தது. கெயின் (பெருக்கும் மடங்கு) 3 வேண்டுமே, அதற்கு ஃபீட்பேக்கில் 20 கே, கிரவுண்டுக்கு 10 கே. தாளில் எல்லாம் அழகாக இருந்தது. அலையைத் திரையில் காட்டும் சிஆர்ஓவில் வெறும் நேர்கோடு.

ஐசியை மாற்றினேன், ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். அரை மணி நேரம் போனது. கடைசியில்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். 20 கே என்று நான் நம்பியது 19.4, 10 கே என்றது 10.2. கெயின் என்பது 1 + (19.4 / 10.2), அதாவது 2.9தான். மூன்றுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் இந்தச் சுற்று ஆடத் தொடங்காது. 20 கே இருந்த இடத்தில் 22 கே போட்டதும் அலை வந்துவிட்டது. ஆனால் தலையும் காலும் வெட்டுப்பட்டு. கெயின் கூடினால் அலை வளர்ந்துகொண்டே போய் சப்ளையில் முட்டும். இப்போதெல்லாம் 18 கேயோடு 5 கே பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடரில் போட்டு, அலை தலைகாட்டும் இடம் வரை மெல்லத் திருகுகிறேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

சதுர அலை தரும் 555 டைமர் ஐசி இவ்வளவு படுத்தாது. அதில் கெபாசிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள். அது சில மதிப்புகளில்தான் கிடைக்கும், ரெசிஸ்டருக்கு அந்தப் பஞ்சம் இல்லை. 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 0.1 மைக்ரோஃபாரட் எடுங்கள். அதிர்வெண் = 1.44 / ((முதல் ரெசிஸ்டர் + 2 × இரண்டாவது) × கெபாசிட்டர்) என்ற சூத்திரப்படி, முதல் ரெசிஸ்டரும் இரண்டாவதின் இருமடங்கும் சேர்ந்து 14.4 கே வர வேண்டும். 1 கே, 6.8 கே போட்டால் 14.6, அதிர்வெண் 986 ஹெர்ட்ஸ். போதும். நான்காம் பின்னை சப்ளையில் கட்டுங்கள், ஐந்தாம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.01 மைக்ரோஃபாரட். அலை வரவில்லையா? அலை வெளிவரும் மூன்றாம் பின்னை விட்டுவிட்டு, கெபாசிட்டர் இணைந்த ஆறாம் பின்னைப் பாருங்கள். 9 வோல்ட் சப்ளையில் கெபாசிட்டர் 3க்கும் 6க்கும் நடுவே ஏறி இறங்கினால் ஐசி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறை முதலில் வெளியே தேடுங்கள்.

வைவாவில் இதில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: டியூட்டி சைக்கிள் (ஒரு சுற்றில் அலை மேலே நிற்கும் நேரத்தின் பங்கு) ஏன் சரிபாதி ஆகவில்லை? சார்ஜ் ஆகும்போது இரண்டு ரெசிஸ்டர் வழியாக, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒன்றின் வழியாக. நம் சுற்றில் 53 சதவீதம். சரி, முதல் ரெசிஸ்டரைச் சுழி ஆக்கிவிடலாமே என்று வாயைக் கொடுத்துவிடாதீர்கள். ஏழாம் பின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சப்ளையை நேரே கிரவுண்டில் போட்டுவிடும். இரண்டு ரெசிஸ்டரையும் சமமாக வைத்து, இரண்டாவதின் குறுக்கே ஒரு டையோடு போடலாம் என்பதே பதில்.

அப்புறம் ஒன்று. 741இல் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை எடுத்தால் அது சாய்ந்துதான் நிற்கும். ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு ஏறி இறங்கும் உச்ச வேகம், மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட்; 20 வோல்ட் ஏற 40 மைக்ரோசெகண்ட், அரைச் சுற்றுக்கு இருப்பதோ 50. இதைத் தெரியாமல் நான் சிஆர்ஓ புரோபைக் குறை சொன்னேன். தேர்வாளர் சிரித்தார்.