ஒரு வரி வைத்தியம்

2019 பிப்ரவரியில், வலைத்திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் நூலகத்தின் 16.8 பதிப்பு வந்து, எங்கே பார்த்தாலும் ஹூக்ஸ் பேச்சாக இருந்த நேரம். காம்பொனென்ட் எனப்படும் திரைத் துண்டுகளை, கிளாஸ் இல்லாமல் வெறும் ஃபங்ஷனாகவே எழுத உதவும் வசதி அது. கிடங்கு இருப்பைக் காட்டும் ஒரு திரை என் பொறுப்பில் இருந்தது. புதுப் பொருளைச் சேர்த்தால் கன்சோலில் (நிரலாளர் உள்நிலையைப் பார்க்கும் பலகத்தில்) 12 வரி வரும், திரையில் 11தான். வேறெங்காவது ஒரு டிக் போட்டால், அந்த 12வது வரி அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.

சாயங்காலம் டெமோ. பழைய கிளாஸ் காம்பொனென்ட் என்றால், கட்டாயமாகத் திரும்ப வரையச் சொல்லும் ஃபோர்ஸ்அப்டேட்டைக் கூப்பிட்டு வேலையை முடித்திருப்பேன். ஹூக்ஸில் அது கிடையாது. ஆனால் யூஸ்ரெட்யூசர் என்ற ஹூக்கில் ஒரு எண்ணை வைத்து, தேவைப்படும்போதெல்லாம் ஒன்று கூட்டினால் போதும். எண் மாறினால் ரியாக்ட் திரும்ப வரைந்துதானே ஆக வேண்டும்? ஒரே வரி. யூஸ்ஃபோர்ஸ்அப்டேட் என்று பெயர் வைத்து யூட்டில்ஸ் ஃபோல்டரில் போட்டேன். டெமோ பிரமாதம். கொஞ்சம் பெருமைகூட.

சில மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்தார். பட்டியல் நீண்டு திரை மெதுவானதால், வரிகளைக் காட்டும் காம்பொனென்டை மெமோவில் சுற்றியிருந்தார். கொடுத்த தரவு மாறவில்லை என்றால் திரும்ப வரையாமல் விடும் உறை அது. "அண்ணா, உங்க ஹூக்கைக் கூப்பிட்டும் வர மாட்டேங்குது."

பார்த்தேன். மேலே 'மொத்தம் 43' என்று சரியாக மாறியிருந்தது. கீழே எண்ணினால் 42 வரி.

அன்றைக்குத்தான் மூலத்துக்குப் போனேன். பழைய அரேயிலேயே, அதாவது அதே பட்டியலிலேயே, புதுப் பொருளைப் புஷ் செய்து, அதே அரேயைத்தான் ஸ்டேட்டாக (ரியாக்ட் நினைவில் வைக்கும் தரவாக)த் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரியாக்ட் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பதில்லை. அதே பையா, வேறு பையா என்று மட்டும் பார்க்கும். மெமோவும் அப்படியே. என் ஹூக் தாய்க் காம்பொனென்டை எழுப்பியது. பிள்ளை, கையில் அதே பை இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பழையதை நகலெடுக்கும் மூன்று புள்ளிக் குறியை வைத்துப் புது அரேயாகக் கொடுத்ததும் சரியானது. எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

தேடினால் என் ஹூக்கின் பெயர் 17 கோப்புகளில் இருந்தது. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், ரியாக்ட் அடையாளம் காணப் பயன்படுத்தும் கீயை மாற்றிக் காம்பொனென்டையே கழற்றி மாட்டியிருந்தார். பாதி தட்டிய குறிப்பு ஒவ்வொரு முறையும் காணாமல் போகும் என்று வந்த புகாருக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

16 இடங்களில் எடுத்தாயிற்று. மிச்சம் ஒன்று, ரியாக்டுக்குத் தெரியாமல் தன் போக்கில் மாறும் வரைபட நூலகம் இருக்கும் திரை. 2022ல் ரியாக்ட் 18 வந்தபோது, அதை, இப்படி வெளியே மாறும் தரவுக்கென்றே அதில் வந்த யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் ஹூக்குக்கு மாற்ற வேண்டும் என்று அந்த வரிக்கு மேலே ஒரு டுடூ (பிறகு செய்ய வேண்டியதற்கான குறிப்பு) எழுதினேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.