பழைய டீவி கேம் வாங்கப் போறீங்களா? முதல்ல டீவிக்குப் பின்னால எட்டிப் பாருங்க

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வருகிற வாரத்தில் மலையகத்து வீடுகளில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒன்று உடுப்பு, பலகாரம், பட்டாசுக் கட்சி. மற்றது கொழும்பில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கும் அண்ணனின் தனிக் கட்சி. அவருடைய போனில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டியின் படம், நின்டென்டோ கம்பனியின் பழைய டீவி கேம்.

"அம்மா, இது ஒரிஜினல் ஃபெமிகொம். 1983ல ஜப்பான்ல வந்தது. இப்பல்லாம் கிடைக்கவே கிடைக்காது."

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமலே, "கிடைக்காததை என்னாத்துக்குப்பா தேடுற? அந்தக் காசுக்கு மாவு வாங்கிப் போடு" என்பார்.

அண்ணன் இதை எதிர்ப்பு என்று நினைத்துக்கொள்வார். அம்மாவைச் சமாளித்துவிடலாம். சுவரில் இருக்கிற பிளக் பொயின்ட்டையும் முன்னறையில் இருக்கிற டீவியையும்தான் சமாளிக்க முடியாது.

முதலில் கரண்ட். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. ஃபெமிகொம்மோடு வரும் அடப்டர் 100 வோல்டை எடுத்து 10 வோல்டாக்கிக் கொடுக்கும், 850 மில்லி அம்பியர். அதன் தட்டைக் கால் நம் பிளக்கில் ஏறாது என்றதும் டவுனுக்கு ஓடிப்போய் ஒரு மல்டி பிளக் வாங்கி வருவார்கள். மல்டி பிளக் காலின் உருவத்தை மாற்றும், வோல்டை மாற்றாது. சுவிட்சைப் போட்டால் அடப்டருக்கு உள்ளே இருக்கிற சுருள் சூடேறிப் புகையும். அது கருகுவதற்கு முன் பெட்டிக்குள் போவது இருபது வோல்டுக்கு மேல். வாசனை அடுப்படிவரை போகும். அம்மாவின் கட்சி பேசாமலே ஜெயித்துவிடும்.

வழி இருக்கிறது. அந்த அடப்டரை மறந்துவிட்டு, 230 வோல்டில் வேலை செய்கிற 9 வோல்ட் டிசி, 1 அம்பியர் அடப்டர் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் நுனியைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபெமிகொம்மிலும் அதற்குப் பிறகு வந்த சுப்பர் ஃபெமிகொம்மிலும் நுனியின் நடுப்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ். கடையில் தொங்குகிற அடப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். அடப்டரின் மேல் ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும். நடுப்புள்ளியோடு கோடிழுத்து மைனஸ் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோ திருத்துகிறவரிடம் கொடுத்தால் மீட்டரை வைத்து உடனே சொல்லிவிடுவார்.

கரண்ட் சரி என்றால் அடுத்தது டீவி. முதல் ஃபெமிகொம்மில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நுனியுள்ள ஏவி வயர் கிடையாது. படத்தை ஆன்டெனா வயர் வழியாக ஜப்பான் சனல் 1 அல்லது 2க்கு அனுப்பும். அதாவது 91, 97 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நம் ஊரில் அது எஃப்எம் ரேடியோவின் இடம். டீவியில் சனலை எவ்வளவு தேடினாலும் மழைதான் பெய்யும். 1993ல் வந்த ஏவி ஃபெமிகொம் என்றால் ஏவி வயரிலேயே படம் வரும். விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஒரிஜினலா?" இல்லை, "படம் எந்த வயர்ல வருது?"

ஏவி வயர் இருந்தாலும் ஆட்டம் முடியவில்லை. டீவிப் படம் அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு வேறு: ஜப்பானில் என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL). பழைய குண்டு டீவி பால் மட்டும் எடுக்கிற வகை என்றால் மரியோ கறுப்பு வெள்ளையில் ஓடுவார், அல்லது படம் உருண்டுகொண்டே இருக்கும். புது எல்இடி டீவியில் வேறு தொல்லை. மூன்று நிற ஓட்டைகளுக்குப் பதிலாக, இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கும். அதற்கு ஏற்ற வயர் எல்லாம் வெளியே ஒரே மாதிரி, உள்ளே இணைப்பு வேறு வேறு. படம் வராமல் ஸ்பீக்கர் மட்டும் உறுமினால் வயரைத் தூக்கிப் போட முன் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பல தடவை அதோடு சரியாகிவிடும்.

எச்டிஎம்ஐ மட்டுமுள்ள டீவிக்கு ஒரு தீப்பெட்டி அளவு கன்வேர்ட்டர் விற்கிறார்கள். அதில் இரண்டு வகை: ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது ஒன்று, எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவது மற்றது. பெட்டி ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒன்றில் AV2HDMI, மற்றதில் HDMI2AV; '2'க்கு முன்னால் எது, பின்னால் எது என்பது மட்டும் சாட்சி. ஹட்டனில் இருந்து பஸ் ஏறி கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் பிரித்துப் பார்த்தால் தலைகீழ் சாமானாக இருக்கும். மாற்றப் போகிற பஸ் காசை அண்ணன் அம்மாவிடம்தான் கேட்க வேண்டிவரும்.

வாத்துச் சுடுகிற துப்பாக்கியும் சேர்த்துத் தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். குண்டு டீவி இல்லாத வீட்டில் அது வெறும் பிளாஸ்டிக். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தைத்தான் பிடிக்கிறது. எல்இடி டீவி படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டுவதால் அந்தக் கணம் தப்பிவிடும். அப்பா எவ்வளவு குறி வைத்தாலும் நாய்தான் எழும்பிச் சிரிக்கும்.

இவ்வளவு வில்லங்கம் வேண்டாம், சந்தைக் கடையில் தொங்குகிற '99999 இன் 1' பெட்டியே போதும் என்று தம்பி ஒரு யோசனை சொல்வான். மோசமான யோசனை இல்லை. நம் டீவிக்கென்றே பால் படம் கொடுக்கிற பெட்டிகள் அவற்றில் உண்டு. கணக்கில்தான் கோளாறு. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் சில பக்கங்களில் அதே ஆட்டம் வேறு பெயரில் திரும்ப வரும். ஒன்று மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்று கூடுதல் உயிர் தரும். கெசட்டைத் திறந்தால் சின்னப் பச்சைப் பலகையில் உருக்கி ஊற்றின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான் சரக்கு. ஆனாலும் அதில் பேட்டில் சிட்டி, அதாவது நாம் 'டாங்கி' என்று விளையாடுவது, கட்டாயம் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து கழுகைக் காக்கலாம், 35 கட்டம். மாமனும் மருமகனும் அன்றைக்கு முழுக்கப் பேசாமல் இருக்க அது ஒன்றே காணும்.

கொஞ்சம் காசு கூட இருந்தால் பிஎஸ்2, அதாவது சோனியின் ப்ளேஸ்டேஷன் 2 பக்கம் போகலாம். 2000ல் வந்தது, இங்கே பழையது தேடினால் இன்னும் கிடைக்கிற பெட்டி அதுதான். பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஐந்து இலக்க மொடல் நம்பரின் கடைசி இலக்கம் 0 என்றால் ஜப்பான், 100 வோல்ட்; 1 என்றால் அமெரிக்கா, 120 வோல்ட்; 4 என்றால் ஐரோப்பா, நம் கரண்டுக்குச் சரி. வாங்குகிற இடத்திலேயே போட்டுப் பாருங்கள், வெட்கம் வேண்டாம். அடிப்பக்கம் நீலமான சிடி ஒன்று, வெள்ளியான டிவிடி ஒன்று, இரண்டையும் ஓடவிட வேண்டும். லென்ஸ் தேய்ந்த பெட்டி ஒன்றை வாசித்து மற்றதை மறுக்கும். விற்கிறவர் எது ஓடுமோ அதைத்தான் கையில் வைத்திருப்பார். கால் மணி நேரம் விளையாடி, மெமரி கார்டில் சேமித்து, அணைத்து, திரும்பப் போட்டு எடுத்துப் பாருங்கள். கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கவனியுங்கள். யாரும் தொடாமல் ஆள் தானாக நடந்தால் குச்சி போய்விட்டது. சிவப்புத் திரை வந்தால் அந்த டிஸ்க்கை பெட்டி ஏற்கவில்லை என்று அர்த்தம். கொப்பி டிஸ்க் என்றால், கொப்பியை ஓடவைக்கப் பெட்டிக்குள் பொருத்துகிற மொட் சிப் இல்லை அல்லது வேலை செய்யவில்லை. ஒரிஜினல் டிஸ்க்குக்கே வந்தால் லென்ஸை சந்தேகியுங்கள்.

எச்டிஎம்ஐயில் குத்துகிற கேம் ஸ்டிக் சுகமானது, ஒரு நிபந்தனையோடு. டீவியின் யுஎஸ்பியில் இருந்து கரண்ட் கொடுத்தால் போதாமல் நடுவில் அணைந்து அணைந்து எரியும். போன் சார்ஜரில் கொடுங்கள். கூட வரும் மெமரி கார்ட் மட்டமானது. வாங்கின அன்றே கம்பியூட்டரில் அதை முழு இமேஜாகக் கொப்பி எடுத்து நல்ல கார்டில் ஏற்றிவிட்டால், பிறகு கார்ட் செத்தாலும் பெட்டி சாகாது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு எதிரி உண்டு: ஈரம். நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. பூஞ்சணம் சப்பாத்தைக்கூட விடுவதில்லை, லென்ஸை விடுமா? கெசட் ஓடவில்லை என்றதும் வாயால் ஊதுகிறோமே, அது எச்சிலின் ஈரத்தைக் கெசட்டின் செம்புப் பல்லில் ஏற்றி இன்னும் கறுக்க வைக்கும். ஊதின பிறகு ஓடுவது, கழற்றித் திரும்பச் செருகியதால்தான். ஃபார்மசியில் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் வாங்கி, கொட்டன் பட்டில் தொட்டு, பல்லின் நீளவாக்கில் துடைத்துக் காயவிடுங்கள். கொரோனா காலத்து சானிட்டைசர் போத்தல் அலுமாரியில் மிச்சமிருக்கிறதே என்று எடுக்காதீர்கள், பலவற்றில் கிளிசரின் இருக்கும், பிசுக்கு ஒட்டும். பெட்டியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா பைகளோடு வையுங்கள். காய்ந்திருக்கட்டும் என்று அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் ஈரத்துக்குப் பதில் கரி ஏறும். இடி மின்னலுக்குப் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டீவியின் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாக டீவிக்கு வந்து, ஏவி வயர் பிடித்து கேமுக்கும் போகும்.

ஆசை உண்மையா, பழைய ஞாபகமா என்று தெரியாதவர்கள் முதலில் போனில் பழைய கேம்களை ஓடவைக்கிற ரெட்ரோஆர்ச் என்ற அப்பைப் போட்டு ஒரு வாரம் விளையாடிப் பார்க்கலாம். அது இலவசம். மூன்றாம் நாளே சலித்தால் அட்வான்ஸ் காசு அப்படியே இருக்கும்.

சலிக்கவில்லையா, வாங்குங்கள். ஆனால் பழைய சாமானுக்குக் கடையில் தருவது ஒரு வார செக்கிங் வாரண்டி. அண்ணன்மார் செய்கிற வேலை என்ன? ஒரு மாதம் முந்தி வாங்கி, தீபாவளி அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்று அலுமாரியில் சேலைக்கு அடியில் ஒளித்துவைப்பது. பண்டிகைக்கு முந்தின வாரம் வாங்கி, அன்றைக்கே பிரித்து, ஏழு நாளும் போட்டு அடியுங்கள். இரண்டாவது கொன்ட்ரோலரையும் அன்றைக்கே செருகிப் பார்த்துவிடுங்கள், டாங்கியில் அம்மாவும் உட்காரக் கேட்பார்.