பெய்ரூட்டில் கேட்ட நியாயம்

லெபனான் என்றதும், "பாவம், வெளிநாடுகள் சேர்ந்து கெடுத்த நாடு" என்பார்கள். அங்கே கணக்கராக வேலை பார்த்தவன் என்பதால் நானும் ஆமாம் போடுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். பாதிக்குத்தான் ஆமாம்.

சிரியப் படை 1976 முதல் 2005 வரை அங்கே இருந்தது. இஸ்ரேல் 1978இலும் 1982இலும் உள்ளே புகுந்தது. அங்குள்ள ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவுக்கு ஈரான் பணமும் ஆயுதமும் தருவது ஊரறிந்த விஷயம். எல்லாம் சரி. ஆனால் கதவைத் திறந்துவிட்டது யார்?

ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. இது 1943இல் வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அரசு ஏற்ற மதப் பிரிவுகள் 18. திருமணமும் அவற்றின் கையில்தான். என் பக்கத்து மேஜைக்காரர் சுன்னி, அவர் காதலி மரோனைட். சைப்ரஸுக்குப் பறந்து பதிவு செய்துகொண்டு வந்தார்கள். அந்தக் கல்யாணத்தை அரசு ஏற்கும், தானே நடத்தி வைக்காது!

மின்சாரமும் அப்படித்தான். அரசு கரண்ட் போனதும் தெரு ஜெனரேட்டர்காரர்தான் கதி. என் இணைப்பு 5 ஆம்பியர். வெந்நீர் ஹீட்டரையும் இஸ்திரிப்பெட்டியையும் சேர்த்துப் போட்டால் டப்பென்று சுவிட்ச் விழும். இருட்டில் படியிறங்கிப் போய்த் தூக்கிவிட வேண்டும்.

வேலை, மருத்துவமனைப் படுக்கை எல்லாவற்றுக்கும் அவரவர் மதத் தலைவரிடம்தான் சிபாரிசு. அரசு அலுவலகம் ஒழுங்காக நடந்தால் அவரை யார் தேடுவார்கள்? அந்தச் செல்வாக்கைக் காப்பாற்றப் பணம் வேண்டும். அதற்குத்தான் சவூதியின் ரியாத், ஈரானின் தெஹ்ரான். 2017 நவம்பர் 4 அன்று பிரதமர் சஅத் ஹரீரி ரியாத்தில் உட்கார்ந்து டிவியில் ராஜினாமாவை அறிவித்தார். பிரான்ஸின் மக்ரோன் தலையிட்ட பிறகுதான் ஊர் திரும்பினார், டிசம்பரில் வாபஸ் வாங்கினார்.

2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுக வெடிப்பில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிக்கக்கூடிய ரசாயனமான அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன் கிடங்கில் கிடப்பதாகச் சுங்கத்துறை முன்பே கடிதம் எழுதியிருந்தது. விசாரித்த முதல் நீதிபதி நீக்கப்பட்டார். இரண்டாமவரை வழக்கு மேல் வழக்குப் போட்டு முடக்கியவர்கள் உள்ளூர் அரசியல்வாதிகள்தான்.

வெடித்த கையோடு, பிரான்ஸே பத்து வருடம் ஆளட்டும் என்று இணையத்தில் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து மேஜைக்காரரும் போட்டிருந்தார். "பிரெஞ்சுக்காரனாவது அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்திருப்பான்" என்றார். கோபம் நியாயம்தான். ஆனால் பதவிகளை மதவாரியாகப் பங்கிடும் முறை, தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில், அரசியல் சட்டத்தில் ஏறியது 1926இல். அப்போது ஆண்டுகொண்டிருந்தது பிரான்ஸ்தான்.