நாலு கட்டமும் ஒரு முகமும்

"அப்பா, உங்களை யாரு அடிச்சது?"

குளியலறையை விட்டு வெளியே வந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி இது. யாரும் அடிக்கவில்லை. நானே காசு கொடுத்து வாங்கிய ஒரு நீல பாட்டில்தான் குற்றவாளி.

என் முகத்துத் தோல் தனிப்பிறவி. பிளேடைக் கண்ணில் காட்டினாலே சிவந்துவிடும். அதிலும் கழுத்து இருக்கிறதே, தொண்டைமுடிச்சுக்கு இருபுறமும் முடி சுழி போட்டு வளரும் இடம். ஷேவ் பண்ணிய மறுநாள் அங்கே பொரிப்பொரியாய்க் கிளம்பும். ஷேவ் முடித்துவிட்டு எதையாவது தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் ஆண்மகனுக்கு அழகு என்று இருபது வருஷத்தை ஓட்டிவிட்டேன். "அடி பட்ட அப்புறம் மருந்து போடுறீங்க, சரி. படுறதுக்கு முன்னாடியே ஏதாவது போடலாம்ல மாமா?" என்று மச்சான் கேட்டபோதுதான் ப்ரீ ஷேவ் என்று ஒரு ரகம் இருப்பதே எனக்குத் தெரியும்.

அப்படி வந்ததுதான் நீல பாட்டில். 'ப்ரீ ஷேவ் லோஷன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளங்கை நிறைய ஊற்றி இரண்டு கன்னத்திலும் பளார் பளார் என்று அறைந்துகொண்டேன். மூன்று விநாடி சொர்க்கம். நாலாவது விநாடியில் கண்ணில் தண்ணீர். சரி, வேலை செய்கிறது என்று நினைத்து, அதன் மேலேயே நுரையைப் பூசி பிளேடை ஓட்டினேன். மிச்சத்தை மகள் சொல்லிவிட்டாள்.

மனைவி பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி ஓர் எழுத்து வரி. "எலக்ட்ரிக் ஷேவருக்குன்னு போட்டிருக்கே, படிக்கலையா?"

படிக்கவில்லை. மெஷினுக்கு முகம் காய்ந்து கிடக்க வேண்டும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் போய், முடி விறைப்பாக நிற்கத்தான் அதில் அவ்வளவு ஆல்கஹால். பிளேடுக்கு எல்லாமே நேர்எதிர். முடி தண்ணீர் குடித்து இளக வேண்டும், தோல் வழுக்க வேண்டும். நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், முகத்தை நன்றாக உலர்த்திவிட்டு அதன் மேல் கத்தியை இழுத்திருக்கிறேன். ப்ரீ ஷேவ் என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு எதிரிகள் ஒரே அலமாரியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யார் கண்டது!

அடுத்தது பச்சை டப்பா. 'கூல்' என்று போட்டிருந்தது. எரிகிற முகத்துக்குக் குளிர்ச்சிதானே வேண்டும்? இது என் தர்க்கம். ஆனால் மெந்தால் தோலைக் குளிர வைப்பதில்லையாம். குளிரை உணரும் நரம்பு முனையைத் தட்டி எழுப்பி, 'குளிருது பார்' என்று பொய் சொல்ல வைக்கிறதாம். சிலருக்கு அந்தப் பொய் சுகம், என் மாதிரித் தோலுக்கு அதுவே எரிச்சல். நுரைக்கு அடியில் முகம் ஜிவுஜிவு என்று இருந்ததில் பிளேடு வெட்டியதுகூடத் தெரியவில்லை. சட்டைக் காலரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மூன்றாவது, எண்ணெய். இதைக் குறை சொல்லமாட்டேன். விளக்கெண்ணெயும் திராட்சை விதை எண்ணெயும் கலந்தது, சாதுவான சரக்கு. மூன்று நாலு சொட்டு போதும் என்று எழுதியிருந்ததை இந்தத் தடவை படிக்கவும் செய்தேன். படித்துவிட்டு, 'நம்ம தோலுக்கு நாலு சொட்டு எந்த மூலைக்கு?' என்று மாலிஷ் பண்ணுகிற அளவுக்கு எடுத்துக்கொண்டேன். அதன் மேல் நுரை நிற்கவே இல்லை. பிரஷ்ஷைச் சுற்றச் சுற்ற, பால் திரிந்த மாதிரி ஒழுகியது. ஐந்து பிளேடு ரேசரின் இடுக்கெல்லாம் எண்ணெயும் முடியும் நுரையும் சேர்ந்து அப்பிக்கொண்டது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து அதைக் குடைந்துகொண்டிருந்தபோது ரேசர் கையை விட்டு வழுக்கி வாளிக்குள் போனது.

"முகத்தை வெச்சு எதுக்குங்க பரிசோதனை பண்றீங்க? கை சும்மாதானே இருக்கு" என்றாள் மனைவி. அன்றிலிருந்து இந்த விவகாரம் அவள் கைக்குப் போனது.

கடைக்கும் கூடவே வந்தாள். நீல பாட்டில் கொடுத்த சூட்டில் நான் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, ஆல்கஹால் என்ற சொல்லைக் கண்டதும் பாம்பைக் கண்டவன் போலத் திரும்ப அலமாரியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிரீமில் 'செட்டைல் ஆல்கஹால்' என்றிருந்தது. அதையும் வைக்கப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். "இது மெழுகு மாதிரி. தோலை மிருதுவாக்கத்தான் போடுறாங்க. நான் தினம் பூசுற கிரீம்லயும் இருக்கு." பெயரில் மட்டும் ஆல்கஹால். காயவைக்கிற ரகம் 'ஆல்கஹால் டீநேச்சர்டு' என்று வருமாம், பட்டியலில் முதல் இரண்டு மூன்று பெயருக்குள் அது இருந்தால் பாட்டிலில் நிறையவே இருக்கிறது என்று அர்த்தமாம். வரிசை அளவைப் பொறுத்ததுதானே.

இன்னொரு ஜெல்லில் 'அன்சென்ட்டட்' என்றிருந்தது, பக்கத்து கிரீமில் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டு இன்னொரு குட்டு வாங்கினேன். முதலாவதில் வாசம் தெரியாது, ஆனால் மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்கவே வேறு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். இரண்டாவதில் வாசனைக்கென்று எதையும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இவ்வளவு விஷயம் தெரிந்தவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சோதனை தொடங்கியது. இடது முழங்கை மடிப்புக்குக் கீழே பெர்மனன்ட் மார்க்கரால் நாலு கட்டம். அ எண்ணெய், ஆ வாசனை இல்லாத கிரீம், இ பச்சை டப்பா, ஈ ஜெல். காலையும் மாலையும் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். இப்படி ஒரு வாரம். ஒரு நாளில் தெரிந்துவிடாது, ஒவ்வாமை மெதுவாகத்தான் தலைகாட்டும் என்பது தலைமைப் பரிசோதகரின் கட்டளை. கட்டம் மங்கினால் மேலேயே மறுபடி கோடு. வீடியோ மீட்டிங்கில் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பேசினேன், "சார், கையில என்ன குறுக்கெழுத்தா?" என்று ஒருவர் கேட்டார். மேலிருந்து கீழ் மூன்றெழுத்து, அவமானம் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். எண்ணினால் ஐந்து வருகிறது.

நாலாம் நாள் காலை கை அரித்தது. சட்டென்று விளக்கடியில் நீட்டினேன். சிவப்பு, தடிப்பு, எல்லாம் இருக்கிறது. "எந்த எழுத்து?" என்று ஓடி வந்தாள். இருவரும் குனிந்து பார்த்தோம். இ மட்டும் உள்ளே லேசாகச் சிவந்திருந்தது. அ, ஆ, ஈ மூன்றும் பளிங்கு மாதிரி சுத்தம். தடித்துக் கிளம்பியிருந்தது அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடாக, நாலு கட்டத்தின் ஓரத்திலும். மார்க்கர் மை.

மகள் சிரித்து முடிக்க ரொம்ப நேரமானது. மிச்ச நாளுக்குக் கட்டமே இல்லாமல், கையில் இருந்த மச்சங்களை அடையாளம் வைத்துச் சோதனையை முடித்தோம். ஆ ஜெயித்தது.

ஆனால் மனைவி அதோடு விடவில்லை. முகம் கழுவிய கையோடு கிரீமைப் பூசப் போன என்னைத் தடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நிமிடம். இருபது வருஷமும் நான் தண்ணீரைத் தெளித்த அடுத்த நொடியே பிளேடை எடுத்தவன், முடிக்குத் தண்ணீர் குடிக்க நேரமே கொடுத்ததில்லை. துண்டுக்குள் அந்த மூன்று நிமிடம் மூன்று மணி நேரம் மாதிரி இருந்தது. முடி வளரும் திசையை விரலால் தடவிப் பார்த்து, கழுத்துச் சுழியில் அந்தப் போக்கிலேயே இழுத்தேன். மறுநாள் பொரி இரண்டே இரண்டு. எண்ணிப் பார்த்தேன்.

எண்ணெயை வீணாக்கவில்லை, குளியலறைக் கதவு இப்போது கிறீச்சிடுவதில்லை. நீல பாட்டில் மட்டும் அலமாரியில் அப்படியே நின்றது. போன வாரம் மகள் அதே பெர்மனன்ட் மார்க்கரால் ஃப்ரிட்ஜ் கதவில் நாலு கட்டம் போட்டு, நடுவில் தாடி வைத்த ஒரு முகமும் வரைந்திருந்தாள். மனைவி பஞ்சில் நீல லோஷனை நனைத்து ஒரே இழுப்பு. கட்டம் சுத்தமாகப் போயிற்று.

முகத்தை மட்டும் அழிக்கவில்லை. ஜாடை இருக்கிறதாம்.